கிராஞ்சிக் கரையில் உக்கிப்போன படகுகள்

துணுக்காய் குளமும் வயலும் கொண்ட ஊர். அதற்குக் கடல் இல்லை. ஆயினும் வெள்ளாங்குளம் சென்று ஏ-32 வீதியில் வடக்கே திரும்பினால், முழங்காவிலுக்கு அப்பால் மேற்குக் கரையில் கிராஞ்சி இருக்கிறது. பழுதடைந்த படகுகளை அகற்றுவதில் வன்னி கண்ட சிக்கலுக்கு அந்தச் சிறு இறங்குதுறையே சாட்சி.

இலங்கைக் கடற்றொழில் திணைக்களம் 105 இந்தியப் படகுகளை 2022 பெப்ரவரியில் ஏலத்தில் விற்பதாக அறிவித்தது. காரைநகரில் 65, காங்கேசன்துறையில் 5, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2. எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட படகுகள் அவை.

இதன் வேர் பழையது. 1974, 1976 உடன்பாடுகள் இரு நாடுகளுக்கும் இடையே கடல் எல்லையை வகுத்தன. தமிழகத்தில் இழுவைப்படகுகள் பெருகின. போர்க்காலத்தில் பாதுகாப்புத் தடைகளால் வடபகுதி மீனவர் கடலை இழந்திருந்தனர். 2009இன் பின் அவர்கள் திரும்பியபோது, இரவில் வந்த இழுவைமடிகள் அவர்களது வலைகளை அறுத்துச் சென்றன. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. 2018இல் அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைப் பன்மடங்கு உயர்த்தியது.

சட்டம் படகைப் பிடித்தது. பிடித்த படகை என்ன செய்வது என்பதில்தான் காலம் கடந்தது. மரப்படகு காத்திருக்காது. நீரில் கிடந்தால் கடற்புழு மரத்தைத் துளைக்கும். கரையில் கிடந்தால் வெயிலில் பலகை சுருங்கி, கலப்பற்று விட்டு, இடைவெளிகள் திறக்கும். மழைநீர் தேங்கும், இயந்திரம் துருப்பிடிக்கும், எஞ்சிய எண்ணெய் கசிந்து, உள்ளூர் மீனவர் தோணி கட்டும் துறையையே மாசாக்கும். வழக்கு முடியும்போது மிஞ்சுவது விறகும் பழைய இரும்புமே. இழுவைமடி தடைசெய்யப்பட்ட நாட்டில் அதனை இழுவைப்படகாக வாங்குவார் யார்?

மீட்க முடியாத படகுகளுக்குத் தமிழக அரசு விசைப்படகு ஒன்றுக்கு 5 இலட்சம் ரூபாவும், நாட்டுப்படகு ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாவும் நிவாரணம் அறிவித்தது. கடன்பட்டுப் படகு கட்டியவருக்கு அது போதாது. அறுந்த வலைக்கு ஈடு கேட்கும் கிராஞ்சி மீனவரின் கேள்வியோ அந்தக் கணக்கில் இல்லை. இரு கரையிலும் இழந்தவர் தமிழரே.

படகு கடலில் ஓடும் நிலையில் இருக்கும்போதே முடிவு எடுக்கப்பட வேண்டும். திருப்பிக் கொடுப்பதாயின் விரைந்து கொடுக்கலாம். பறிமுதல் செய்வதாயின் உடன் விற்று, அப்பணத்தை வலை இழந்தோருக்கு வழங்கலாம். இரண்டும் செய்யாது உக்க விடுவது எவருக்கும் நீதியன்று. இழுவைமடிக்கு மாற்றுத் தொழிலை இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் உருவாக்காதவரை, ஒரு தொகுதியை அகற்றிய துறையில் மறு தொகுதி வந்து சேரும்.