தூத்துக்குடியின் வணிகச் சூழல்: பலமும் பலவீனமும்

தூத்துக்குடி தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரையில், மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்த துறைமுக நகரம். முத்து, சங்கு, உப்பு, பருத்தி, கப்பல் போக்குவரத்து ஆகியவை வெவ்வேறு காலங்களில் இந்நகரின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கடல் வணிகம் நடந்துவரும் இக்கரை பலமுறை செழித்திருக்கிறது, பலமுறை சரிந்தும் இருக்கிறது. வணிகத்துக்கு இக்கரை தந்த வாய்ப்புகளையும் தடைகளையும் வரலாற்று வரிசையில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நிலமும் கடலும்

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடா ஆழம் குறைந்தது, ஒப்பளவில் அமைதியானது. கரைக்கு அப்பால் பவளப்பாறைத் தீவுகள் வரிசையாக உள்ளன. கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளை இங்குள்ளோர் 'பார்' என்பர். முத்துச்சிப்பிகள் இப்பார்களில்தான் ஒட்டி வளர்கின்றன. மழை குறைவாகவும் வெயில் நீண்டும் இருப்பதால் உப்பு விளைச்சலுக்கு ஏற்ற இடம் இது. வடக்கிலும் வடமேற்கிலும் கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் நிலம் பருத்தி தருகிறது. தெற்கே தாமிரபரணி கடலில் கலக்கிறது.

இந்த இயற்கையமைப்பு இருபக்கமும் கூரானது. முத்துச்சிப்பிக்கு உகந்த ஆழமற்ற கடலில் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. உப்பு விளைய உதவும் வறட்சி குடிநீருக்கும் ஆலைகளுக்கும் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் பழைய துறைமுகங்களைத் தூர்த்தது. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் சிற்றூர். அதன்பின் எழுந்த காயலும் கடலை இழந்து பழையகாயல் ஆயிற்று. தூத்துக்குடி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து விலகி இருந்ததால் இந்த வண்டலுக்குத் தப்பியது.

முத்துக்குளித்தல்

கொற்கையின் முத்து கிரேக்க, உரோமானிய வணிகர்களுக்குத் தெரிந்த பொருள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் பாண்டிய நாட்டு முத்துக்குளித்துறையைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதாகவும் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் தரப்பட்டதை எழுதியுள்ளார். தோணி கடலில் இறங்கும் முன்பே வருவாயின் பங்குகள் பிரிக்கப்பட்டுவிட்டன என்பதை இக்குறிப்பு காட்டுகிறது.

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் உரிமைக்காக நடந்த பூசலில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1530களில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். 1825இல் அது நிலையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆட்சிகள் மாறினாலும் முறை பெரிதும் மாறவில்லை. மூழ்குவோர் காலில் கட்டிக்கொள்ளும் கல்லே உரிமையின் அளவுகோலாக இருந்தது. மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, பரதவரின் சாதித் தலைவர் எனப் பலருக்கும் இத்தனை 'கல்' என்று உரிமை வகுக்கப்பட்டது.

முத்துக்குளித்தலின் பெரும் பலவீனம் அதன் நிச்சயமின்மை. பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று அதிகாரிகள் முதலில் சோதிப்பர். முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்படும். அறிவிப்பு வந்ததும் வெறுங்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும். வணிகர், கடன் கொடுப்போர், முத்துக்குத் துளையிடுவோர், கடைக்காரர் எனப் பலர் கூடுவர். சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். ஆனால் 1830க்குப் பிறகு 1861 வரை தூத்துக்குடிப் பார்களில் குளிப்பே நடக்கவில்லை. மணல் மூடுதல், நீரோட்டம், சிப்பியைத் தின்னும் மீன்கள், பாரை மூடிப் படரும் 'சூரன்' என்னும் மட்டி ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. தலைமுறைக்கு ஒருமுறை வரும் வருவாயை நம்பி நிலையான தொழிலை யாரும் கட்ட முடியவில்லை. நடுவிலுள்ள ஆண்டுகளில் மூழ்குவோர் சங்கு குளித்தும் மீன் பிடித்தும் பிழைத்தனர். அந்தச் சங்குகள் வங்காளத்தின் வளையல் தொழிலுக்குச் சென்றன. செதுக்கும் கூலியும் விற்பனை இலாபமும் அங்கேயே தங்கின.

இயற்கை முத்தின் உலகச் சந்தையும் 20ஆம் நூற்றாண்டில் சரிந்தது. ஜப்பானின் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893இல் தொடங்கிய வளர்ப்பு முத்துத் தொழில் 1920களுக்குப் பின் விலையை வீழ்த்தியது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்பே கடைசிப் பெருங்குளிப்பு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உருவாக்கினர். எனினும் ஜப்பானைப் போல அது கரையோர மக்களின் பெருந்தொழிலாக வளரவில்லை.

தோணி, ரயில், பருத்தி

19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியின் முதன்மைச் சரக்கு பருத்தி. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு வந்த அமெரிக்கப் பருத்தியைத் தடுத்தபோது, திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறியது. 1866இல் நகராட்சி அமைந்தது. 1876இல் ரயில் பாதை வந்தது. ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் அந்நூற்றாண்டின் இறுதியில் நூற்பைத் தொடங்கியது. சென்னையிலிருந்து வரும் பயணிகள் தூத்துக்குடியில் இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏறினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களில் பலரும் இவ்வழியே சென்றனர்.

ஆனால் துறைமுகம் என்று சொல்லத்தக்க கட்டுமானம் இல்லை. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில் நங்கூரமிட்டன. ஒவ்வொரு மூட்டையும் தோணியில் ஏற்றிச் சென்று மீண்டும் கப்பலில் ஏற்றப்பட்டது. இது பலருக்கு வேலை தந்தது. அதே நேரம் செலவையும் தாமதத்தையும் கூட்டியது. கொழும்பில் 1875இல் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. அதே பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த தூத்துக்குடிக்கு அத்தகைய வசதி கிடைக்க மேலும் 89 ஆண்டுகள் ஆயின. சூயஸ் வழியே கிழக்கே சென்ற பெருங்கப்பல்களின் தங்குமிடமாகக் கொழும்பு மாறியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கியபோது, தூத்துக்குடி தன் பயணிகள் போக்குவரத்தில் பெரும்பகுதியை இழந்தது.

சுதேசிக் கப்பல் கம்பெனி

இவ்வணிகச் சூழலின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும் நிகழ்வு சுதேசி நாவாய்ச் சங்கத்தின் வரலாறு. தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஆதிக்கம் செலுத்தியது. வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906 அக்டோபரில் சுதேசிக் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் தந்தார்.

உள்ளூரில் முதலீடு செய்யும் வலிமை உண்டு, சமயமும் சாதியும் கடந்து வணிகர் ஒன்றுசேர முடியும் என்பதை இது காட்டியது. குறை வேறிடத்தில் இருந்தது. கம்பெனிக்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்கள் எதிர்த்தரப்பின் நெருக்குதலால் திரும்பப் பெறப்பட்டன. 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. உடனே கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. இலவசப் பயணமும் குடையும் தரும் அளவுக்கு ஆங்கிலக் கம்பெனி இறங்கியது. பல வழித்தடங்களில் ஈட்டிய இலாபத்தால் அது இந்த நட்டத்தைத் தாங்க முடிந்தது. ஒரே வழித்தடத்தை நம்பிய புதிய கம்பெனியால் முடியவில்லை.

அரசும் நடுநிலையாக இல்லை. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். வ.உ.சி. சிறையில் இருக்கும்போதே கம்பெனி நொடித்து, 1911இல் கலைக்கப்பட்டது. வாங்க ஆளும் போட முதலும் இருந்தும், சட்டமும் அதிகாரமும் போட்டியாளர் பக்கம் நின்றதால் ஒரு தொழில் அழிந்ததற்கு இது சான்று.

பெருந்துறைமுகமும் ஆலைகளும்

விடுதலைக்குப் பின் ஆழ்கடல் துறைமுகக் கோரிக்கை வலுப்பெற்றது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கி.மீ. நீளமுள்ள இரு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கட்டப்பட்டன. 1974 ஜூலை 11இல் தூத்துக்குடி இந்தியாவின் 10ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் ஆகியவை துறைமுகத்தைச் சார்ந்து எழுந்தன. 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் அமைந்தது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு உள்ளது. அதன் பெரும்பகுதி தூத்துக்குடியில் விளைகிறது.

இக்காலத்தில் புதிய வகைப் பலவீனம் வெளிப்பட்டது. 1996இல் இயங்கத் தொடங்கிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை மீது மாசுக் குற்றச்சாட்டுகள் தொடர்ந்து எழுந்தன. 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே 22இல் நடந்த போராட்டத்தின்போது காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தனர். அம்மாத இறுதியில் அரசு ஆலையை மூடியது. 2024இல் அதை மீண்டும் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலையைச் சார்ந்திருந்த லாரி உரிமையாளர், ஒப்பந்தக்காரர், தொழிலாளர் வருவாய் இழந்தனர். காற்றையும் நீரையும் பற்றி மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு உரிய காலத்தில் பதில் கிடைக்காததன் விலையை உயிரிழந்தோரின் குடும்பங்களும் நகரமும் சேர்ந்தே கொடுத்தன.

பலங்கள்

கொழும்புக்கும் கிழக்கு–மேற்குக் கடல்வழிக்கும் அருகில் இருப்பது முதல் பலம். துறைமுகம், ரயில், நெடுஞ்சாலை, விமான நிலையம் ஆகிய நான்கும் ஒரே நகரைச் சுற்றி இருப்பது இரண்டாவது. பரதவர், நாடார், மரைக்காயர் முதலிய சமூகங்களிடம் தலைமுறைகளாக வந்த கடல், வணிக அறிவு மூன்றாவது. உப்பு, மீன், பருத்தி, இரசாயனம், மின்சாரம் எனத் தொழில்கள் பலவாக இருப்பதால், முத்தை மட்டும் நம்பிய காலத்தைவிட இன்று இடர் பரவலாகியுள்ளது. 2025இல் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்டது இவ்வரிசையில் புதியது.

பலவீனங்கள்

போதிய ஆழமின்மையால் மிகப்பெரிய கொள்கலன் கப்பல்கள் நேராக வருவதில்லை. சரக்கில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறுகிறது. தாமிரபரணி நீரை ஆலைகளுக்குக் கொண்டுசெல்வதற்கு உழவர்கள் நெடுநாளாக எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன; சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்தது இதற்கு ஒரு காரணம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வறண்ட கரை என்ற எண்ணத்தில் அமைந்த வடிகால்கள் தாங்கவில்லை. இலங்கை அரசியலும் இவ்வணிகத்தைப் பாதிக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் 2011 ஜூனில் தொடங்கிய கொழும்புப் பயணிகள் கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோனது.

மதிப்பீடு

தூத்துக்குடியின் வரலாற்றில் பொருள் இல்லாததால் வந்த சரிவைவிட, பொருளின் மதிப்பு வெளியே சென்றதால் வந்த சரிவே அதிகம். முத்தின் விலை ஏலக்காரர் கையிலும், சங்கின் கூலி வங்காளத்திலும், பருத்தியின் இலாபம் லங்காஷயரிலும் தங்கின. துறைமுகம் எப்போது கட்டப்படும், எந்த ஆலை எங்கே வரும் என்ற முடிவுகளும் பெரும்பாலும் வெளியிலேயே எடுக்கப்பட்டன. உள்ளூர் மக்கள் தாமே முடிவெடுத்துப் பணம் திரட்டிய 1906ஆம் ஆண்டு இதற்கு விதிவிலக்கு.

ஒரு வட்டாரத்தின் வணிகச் சூழலை அளக்க ஆழம், தொலைவு, மின்சாரம், வரிச்சலுகை ஆகியவற்றைக் கணக்கிட்டால் மட்டும் போதாது. வரும் வருவாயில் கரையோர மீனவருக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் எவ்வளவு தங்குகிறது, அவர்களது கடலும் நீரும் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது விரிவாக்கப்படும் வெளித்துறைமுகமும் புதிய ஆலைகளும் இந்த அளவுகோலாலேயே மதிப்பிடப்பட வேண்டியவை.