பழைய மோட்டாரும் அதன் மின்சாரமும்

திருவனந்தபுரத்து மக்களின் கண்ணுக்குப் பல்லாண்டு பழகிய மோட்டார் வண்டி ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரச மரபின் மூத்தவராய் விளங்கி 2013-ஆம் ஆண்டில் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 வகை வண்டியே அது. 'சி.ஏ.என். 42' என்னும் அதன் பதிவெண்ணைச் செய்தித்தாள்கள் பலமுறை எழுதியுள்ளன. அரை நூற்றாண்டைக் கடந்தும் ஒரு வண்டியைப் போற்றிக் காப்பது எளிதன்று. இரும்பு துருப்பிடிக்க ஆண்டுகள் வேண்டும். மின்சாரமோ ஓரிரவில் வற்றிவிடும். தந்தையார் விட்டுச்சென்ற பழைய வண்டி காலையிற் கிளம்ப மறுத்தால், பலர் உடனே புதிய பாட்டரி வாங்கிவிடுகின்றனர். சில வாரங்களில் அதுவும் சோர்ந்துபோகிறது. பொருள் வீணாகிறது, மனமும் சலித்து, வண்டி பழைய இரும்பு விலைக்குப் போகிறது. இவ்விழப்பைத் தவிர்க்க, மோட்டாரில் மின்சாரம் புகுந்த வரலாற்றை அறிதல் பெரிதும் துணை செய்யும்.

ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் நிறுத்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859-இல் கண்டார். எனினும் தொடக்ககால மோட்டாரோட்டிகள் கைப்பிடியைச் சுழற்றியே இயந்திரத்தைக் கிளப்பினர். அது திருப்பியடித்துக் கை முறிந்தோரும் உண்டு. 1912-இல் அமெரிக்கக் காடிலாக் வண்டியில், கெட்டரிங் என்பார் வகுத்த மின்சாரக் கிளப்பி பொருத்தப்பட்டது. அன்று முதல் பாட்டரி வண்டியின் இன்றியமையா உறுப்பாயிற்று. செலவழிந்த மின்சாரத்தை ஈடுசெய்ய, இயந்திரத்தோடு சுழலும் டைனமோவும் உடன் வந்தது.

திருவனந்தபுரத்தில் மோட்டார்த் தொழில் வளர்ந்ததில் அரசுப் பேருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா அப்பேருந்துப் பணியைத் தொடங்கிவைத்தார். லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்னும் பொறியாளர் அதன் தலைவராயிருந்து, உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டே வண்டிகளுக்கு உடல் கட்டுவித்தார். அவை பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரம் பூண்ட காமர் வண்டிகள். அக்கால டீசல் இயந்திரம் கிளம்பியபின் மின்சாரம் இல்லாமலே ஓடும். பெட்ரோல் இயந்திரத்துக்கோ ஒவ்வொரு நொடியும் தீப்பொறி வேண்டும். ஆதலின் மின்னேற்றம் நின்ற பெட்ரோல் வண்டி, பாட்டரி வற்றும்வரை ஓடிப் பின்னர் நடுவழியில் நின்றுவிடும்.

இனிக் குறையைக் காணும் முறையைப் பார்ப்போம். முதலிற் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். முழு மின்னேற்றமுள்ள 12 வோல்ட்டுப் பாட்டரி, வண்டி ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டுக் காட்டும். திராவகத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்தால், ஆறு அறைகளும் ஒத்திருத்தல் வேண்டும். ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின் பாட்டரியே பழுது. எல்லாம் ஒருங்கே தாழ்ந்திருப்பின், அதற்கு மின்சாரம் வந்து சேரவில்லை என்பது பொருள். கடற்கரை நகரில் உப்புக் காற்றும் மழை ஈரமும் முனைகளில் பூப்பு ஏற்றும். அதைத் துடைத்து, வண்டியின் உடலோடு இணையும் கம்பியையும் இறுக்கினால் தீர்ந்துவிடும் குறைகள் பல.

அடுத்து டைனமோ. பெல்ட் தளர்ந்துள்ளதா எனப் பார்த்தபின், லூக்காஸ் வகை டைனமோவாயின் அதன் இரு கம்பிகளையும் கழற்றி, இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்து, அவ்விணைப்புக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வோல்ட்டுமானியை வைக்க வேண்டும். இயந்திர வேகத்தை மெல்ல உயர்த்துகையில் முள் தடையின்றி ஏறினால் டைனமோ நலமே. 20 வோல்ட்டைத் தாண்டவிடலாகாது. முள் அசையவே இல்லையேல் கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டளவே காட்டினால் காந்தச் சுருளிலும், பாதியளவில் நின்றால் சுழலும் ஆர்மேச்சரிலும் பழுதிருக்கலாம்.

டைனமோ நலமாயிருந்தும் மின்னேற்றம் இல்லையேல், கம்பி வழியையும் அதனை ஆளும் கட்-அவுட் பெட்டியையும் நோக்க வேண்டும். டைனமோவின் அழுத்தம் பாட்டரியினும் மிகும்போது மட்டுமே இணைப்பைத் தருவது கட்-அவுட். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், நின்ற வண்டியில் மின்சாரம் பின்னோக்கி ஓடி இரவோடிரவாகப் பாட்டரி வற்றும். மாறாக, பாட்டரியில் நீர் விரைவிற் குறைந்து விளக்குகளும் அடிக்கடி எரிந்துபோனால், மின்னேற்றம் மிகுதி என்று அறியலாம். இயந்திரம் மெல்ல ஓடுகையில் செவ்விளக்கு மினுக்குவது டைனமோ வண்டியின் இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

1960-இல் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்ட்டர்னேட்டரைப் பயணிகள் வண்டியில் பொருத்திய பின், டைனமோவின் காலம் மெல்ல மங்கியது. சென்னையில் 1961-இல் நிறுவப்பெற்ற லூக்காஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை மோட்டார் மின்கருவிகளை நம் நாட்டிலேயே செய்யலாயிற்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். இக்கால வழக்கப்படி மாற்றி இணைத்தால் கேடு விளையும். பாட்டரியருகே நெருப்பு கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். மின்னேற்றத்தின்போது எழும் ஹைட்ரஜன் வாயு வெடிக்க வல்லது.

டைனமோவின் நோயறிந்த தொழிலாளர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்மவரிற் சிலர், முன்னோர் ஓட்டிய வண்டியை இன்றும் காத்து வருவர். புதிய பாட்டரிக்குப் பணம் எடுக்குமுன் ஹைட்ரோமீட்டரும் வோல்ட்டுமானியும் எடுப்பார்களாயின், பொருளும் மிஞ்சும். குடும்பத்தின் வரலாற்றில் ஒரு பகுதியும் தொடர்ந்து ஓடும்.