பாலை விளிம்பில் ஒரு பொய்கை



தல யாத்திரை புறப்படுவோர் முதலில் புகைவண்டி அட்டவணையைக் கையில் எடுப்பது வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரலாற்றுப் பாடம் கற்பித்த எனக்கோ, பஞ்சாங்கத்தையும் அவ்வூர் வரலாற்றையும் பார்த்த பின்னரே அட்டவணையைத் தொடவேண்டும் என்றொரு பிடிவாதம் உண்டு. அவ்விரண்டையும் பார்த்தும் ஒருமுறை நான் ஏமாந்தேன். அக்கதையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நான் கருதிய தலம் புஷ்கரம். இராசத்தானத்தில் அஜ்மீர் நகருக்கு வடமேற்கே, நாகமலை என்னும் குன்றுத் தொடருக்கு அப்பால் அமைந்த சிற்றூர் அது. அஜ்மீரில் இறங்கிப் பேருந்தேறினால், மலைக் கணவாயைக் கடந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. கணவாயைத் தாண்டியதும் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. நம் இலக்கியம் கூறும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்த நிலம்; இங்கே தொடங்குவதோ உண்மையான மணற்பாலை, தார்ப் பாலைவனத்தின் விளிம்பு. அவ்விளிம்பில் நீர் நிறைந்த ஏரி ஒன்று கிடப்பதைக் காணும் எவர்க்கும் அது தெய்வச் செயலாகத் தோன்றியதில் வியப்பில்லை. பிரமன் கைத்தாமரை நிலத்தில் வீழ்ந்த இடத்தில் நீர் ஊற்றெடுத்தது என்பது தலபுராணம். புஷ்கரம் என்னும் சொல்லே தாமரையைக் குறிப்பதுதான்.

நாள் குறிப்பதில் நம்மவர் ஏமாறக்கூடும். அங்கே பெருவிழா கார்த்திகைப் பௌர்ணமியில் முடிவுறுகிறது. நம் திருக்கார்த்திகை என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். வடநாட்டார் மாதத்தைத் திங்களின் ஓட்டங்கொண்டு கணிப்பவர். நாம் ஞாயிற்றின் ஓட்டங்கொண்டு கணிப்பவர். ஆதலின் அவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமி பல ஆண்டுகளில் நம் ஐப்பசிப் பௌர்ணமியாகவே அமையும். அத்தகைய ஆண்டுகளில் நாம் சிவனுக்கு அன்னாபிடேகம் செய்யும் நாளில் அவர்கள் புஷ்கரத்தில் நீராடுகின்றனர்.

அந்நீராட்டு எவ்வளவு பழமையானது? புராணத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கல்லைக் கேட்போம். மராட்டிய நாட்டு நாசிக்குக் குகை ஒன்றில், நகபானன் என்னும் சக மன்னனின் மருமகன் உஷவதாதன் பொறித்த கல்வெட்டு உள்ளது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. முற்றுகையிடப்பட்ட நட்பரசன் ஒருவனை மீட்கச் சென்றதாகவும், பகைவர் ஆரவாரத்தைக் கேட்ட அளவிலேயே ஓடியதாகவும், பின்னர்த் தான் புஷ்கரப் பொய்கைக்குச் சென்று நீராடி, மூவாயிரம் பசுக்களையும் ஓர் ஊரையும் தானம் செய்ததாகவும் அவன் கூறுகிறான். வெற்றிப் பெருமிதத்தில் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். அரசர் கல்வெட்டுகளில் பகைவர் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருப்பர்! ஆயினும் ஒன்று நோக்குங்கள். அயல்வழி வந்த அரச குடும்பத்தான் ஒருவன், போர் முடிந்த கையோடு, நெடுந்தொலைவு சென்று நீராடத் தக்க புகழ் அன்றே அப்பொய்கைக்கு இருந்தது. அவன் கோயில் எதையும் குறிப்பிடவில்லை, நீரைத்தான் குறிப்பிடுகிறான்.

புஷ்கரத்து வரலாறு முழுவதும் இதே செய்திதான். கோயில்கள் எழுந்தன, வீழ்ந்தன, மீண்டும் எழுந்தன. வராகர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் சௌகான் மரபினனான ஆனாஜி எழுப்பியது என்பர். 1613 முதல் 1616 வரை அஜ்மீரில் தங்கியிருந்த மொகலாய மன்னன் ஜஹாங்கீர் புஷ்கரத்துக்கு வந்து, பன்றி முகமும் மனித உடலுமாக இருந்த கருங்கற் சிலையை உடைத்து ஏரியில் எறியச் சொன்னதைத் தன் நினைவுக் குறிப்பில் தானே எழுதி வைத்திருக்கிறான். கோயில் பின்னரும் சிதைவுற்று, 18ஆம் நூற்றாண்டில் ஜெயப்பூர் சவாய் ஜெய்சிங்கால் புதுக்கப்பெற்றது. பிரமன் கோயிலின் இன்றைய கட்டடமும் பெரிதும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிந்தியா அரசின் அமைச்சர் ஒருவர் செய்த திருப்பணியே.

பிரமனுக்கு உலகிலேயே இது ஒன்றுதான் கோயில் என்று வழிகாட்டிகள் சொல்லுவர். மறுத்துப் பேசிப் பொழுதை வீணாக்க வேண்டா. திருச்சிக்கு அருகே திருப்பட்டூரில் நான்முகனுக்குப் பெரிய சந்நிதி இருப்பதை நாம் அறிவோம். எனினும் அவரே மூலவராக வீற்றிருந்து இத்துணைப் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் இடம் வேறு இல்லை என்பது உண்மை.

தமிழ் நாட்டாரை அங்கே நின்றுபோகச் செய்வது ரங்கஜி கோயில். ஐதராபாத்து வணிகர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தது. மணற்காற்றுக்கு நடுவே நம்மூர்க் கோபுரம்! உள்ளே ஆண்டாளும் இராமானுசரும் இருக்கின்றனர். வைணவர் தாமாய்த் தோன்றிய தலங்கள் எட்டென எண்ணும்போது திருவரங்கத்தோடு புஷ்கரத்தையும் சேர்த்தே எண்ணுவர். அங்கே திருமால் தீர்த்த வடிவினர் என்பது அவர்கள் கொள்கை.

இத்தனையும் படித்துக் குறிப்பெடுத்து, 2009ஆம் ஆண்டு நானும் என் தமக்கையாரும் புறப்பட்டோம். அவ்வாண்டு கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 2. பள்ளிக்கு விடுப்புச் சொல்லி, நாளும் தப்பாமல் போய்ச் சேர்ந்தோம். படித்துறையில் இறங்கிய தமக்கையார், "தம்பி, ஏரி எங்கே?" என்றார்.

ஏரி இல்லை. தூர் வாருவதற்காக நீரை வெளியேற்றியிருந்தனர்; எதிர்பார்த்த மழை பொய்த்துவிட்டது. ஐம்பத்திரண்டு படித்துறைகளும் வெறும் பள்ளத்தை நோக்கிக் கைநீட்டிக்கொண்டிருந்தன. கரையோரம் சிறு தொட்டிகள் கட்டி, ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பியிருந்தார்கள். அதில்தான் ஊர்கள் பலவற்றின் மக்களும் முழுகி எழுந்தனர். நாங்களும் முழுகினோம். தமக்கையார் ஒரு செம்பில் அந்நீரை முகந்துகொண்டார்.

மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சுற்றிலும் உள்ள குன்றுகளில் மரங்கள் அருகின. மழைக்காலத்து ஓடைகள் மணலை வாரிக்கொண்டுவந்து ஏரியை மேடாக்கின. வரத்துக் கால்கள் தூர்ந்தன. கிணறுகள் ஆழமாக ஆழமாக நிலத்தடி நீர் இறங்கியது. உஷவதாதன் நீராடிய பொய்கையைப் படையெடுத்து வந்தவர் எவரும் வற்றச் செய்யவில்லை.

ஆகவே, நீங்கள் செல்வதாயின் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் மாலை படித்துறையில் விளக்கு வழிபாடு. கரைக்குச் செருப்பணிந்து போகலாகாது. ஊருக்குள் புலாலும் மதுவும் இல்லை. மறுநாள் விடியலில் நீராடிப் பிரமன், வராகர், ரங்கஜி கோயில்களைக் காணலாம். கால் வலிமை உள்ளவர் மாலையில் சாவித்திரி குன்றுக்குப் படியேறலாம். மற்றையோர்க்கு 2016 முதல் கயிற்றூர்தி உண்டு. மேலே நின்று ஏரியை மட்டும் பாராமல், நீர் அதற்கு எத்திசைகளிலிருந்து வந்து சேரவேண்டும் என்பதையும் பாருங்கள்.

பின்னர் வந்த மழைகளில் ஏரி மீண்டும் நீர் கண்டது. ஓய்வு பெற்றபின் நான் மட்டும் மறுமுறை சென்று, படித்துறையிலேயே நீராடி, ஒரு செம்பு நீர் கொண்டுவந்து தமக்கையாரிடம் கொடுத்தேன். பழைய செம்பைக் கொட்டிவிட்டு இதை வைத்துக்கொள்ளலாமே என்றேன். அவர் இசையவில்லை. இரண்டு செம்புகளும் அவர் பூசையறையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.