பழைய நாணயங்களின் தர மதிப்பீடு

ஒரு நாணயம் அச்சாகி வெளிவந்த நிலையிலிருந்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கணித்து, அதற்கு ஒரு தரப்பெயரோ எண்ணோ தரும் முறை நாணயத் தர மதிப்பீடு. காசின் வயதுக்கும் தரத்துக்கும் தொடர்பு இல்லை. 1862 என ஆண்டு பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாய் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அச்சுப் பளபளப்பு குலையாத 1862 ரூபாய்தான் அரிது. விலை ஏறுவதும் அங்கேதான்.

பிரிட்டிஷ் மரபில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்ற பெயர்கள் வழங்குகின்றன. இந்திய வியாபாரிகள் இவற்றை வி.எஃப்., எக்ஸ்.எஃப்., யு.என்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். எண் முறை அமெரிக்காவில் பிறந்தது. உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். அடிமட்டக் காசின் விலையைப் போல் எழுபது மடங்கு பெறுவதே 70 என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு விரைவில் பொய்த்தது, எண்கள் நிலைத்துவிட்டன. 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாத காசுகள். 40, 45 எக்ஸ்.எஃப்.; 20 முதல் 35 வரை வி.எஃப். ஓர் அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்த உயர்தர சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, தாழ்ந்தவற்றை அங்கே வைத்தவர் ஷெல்டன் என்பது அவர் இறந்த பிறகு அம்பலமானது. தரத்தின் மதிப்பை அவரைவிட அறிந்தவர் யார்!

தேய்மானம் முதலில் தாக்குவது மேடான இடங்களை. விக்டோரியா ரூபாயில் காதுக்கு மேலுள்ள முடிக்கற்றையையும், மார்பில் உள்ள உடை வேலைப்பாட்டையும் பார்க்க வேண்டும். முடி தனித்தனி இழையாகத் தெரிந்தால் எக்ஸ்.எஃப். பக்கம், ஒன்றோடொன்று கலந்து வழுவழுப்பாகிவிட்டால் ஃபைனுக்கு இறங்கிவிடும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடம், காது, தாடி ஆகியவற்றோடு, அங்கியில் தொங்கும் பதக்கமாலையின் சிறு யானையும் முக்கியம். 1911ஆம் ஆண்டு ரூபாயில் இந்த யானை பன்றிபோலத் தெரிவதாக எதிர்ப்புக் கிளம்பவே அது திரும்பப் பெறப்பட்டது. 1912இல் தும்பிக்கையைத் தெளிவாக்கி அச்சிட்டார்கள். எனவே 1911 காசில் தும்பிக்கை சரியாகத் தெரியவில்லை என்பதற்காகத் தரத்தைக் குறைக்கக் கூடாது.

மழுக்கம் தேய்மானத்தால் வந்ததா இல்லையா என்று பிரித்தறிவதே மதிப்பீட்டில் கடினமான பகுதி. அச்சு சரியாக விழாததால் மழுங்கிய இடமும் கைபட்டுத் தேய்ந்த இடமும் ஒன்றுபோலத் தோன்றும். தீர்ப்புச் சொல்வது பளபளப்பு. காசின் விளிம்பைப் பிடித்து, ஒற்றை பல்பின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், புதுக்காசில் சைக்கிள் சக்கரக் கம்பிகளைப் போல ஒளிக்கீற்றுகள் சுற்றி வரும். அச்சழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய நுண்வரிகளால் வரும் ஒளி இது. மேட்டின் மீதும் ஒளி தடையின்றி ஓடினால் அங்கே அச்சுக் குறைபாடு. மேட்டில் மட்டும் ஒளி அறுந்து சாம்பல் நிறம் தெரிந்தால் தேய்மானம். டியூப் லைட்டில் இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது.

நம் பக்கத்துக் காசுகளைக் கெடுப்பது பெரும்பாலும் அன்புதான். புளி போட்டுத் துலக்குவதும் விபூதியால் தேய்ப்பதும் வெள்ளியைப் பளிச்சென்று காட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிர்க்கீறல்கள் தெரியும். போன நுண்வரிகள் திரும்பி வருவதில்லை. காற்றிலுள்ள கந்தகத்தால் இயல்பாகப் படியும் கருமையோ நீலமோ குறையே அல்ல. நகைக்காக வளையத்தைப் பற்றுவைத்துப் பின் எடுத்த தடமும், வெள்ளியைச் சோதிக்க சராப்புகள் குத்திய முத்திரையும் தனிக் குறைகளாகக் கணக்கில் வரும். விளிம்பின் பற்களைச் சுற்றிலும் பார்த்தால் பற்றின் தடம் சிக்கிவிடும். எடையும் பார்ப்பது நல்லது: விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் கால ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா, வெள்ளி 91.7 சதவீதம்.

1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு வந்த என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்து, எண்ணிட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. துலக்கிய காசுக்கும் பற்றுத்தடம் உள்ள காசுக்கும் பொதுவாக எண் கிடைப்பதில்லை. உருவ விவரங்கள் எந்த அளவுக்கு எஞ்சியுள்ளன என்பதோடு குறையின் பெயரும் உறையில் அச்சாகிவிடும்.