சதையி அழற்சி ஆராய்ச்சி: கத்தியும் காத்திருப்பும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் புதியன செய்தோரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. செய்யாதிருக்கக் கற்றதும் அவ்வரலாற்றின் ஒரு கூறே என்பதற்குக் கடுமையான சதையி அழற்சி பற்றிய ஆராய்ச்சி தக்க சான்றாகும்.

இரைப்பையின் பின்னே அமைந்த சதையி, உணவைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களைச் சுரக்கின்றது. அவை குடலை அடையுமுன்னரே செயற்படத் தொடங்கின் சதையி தன்னைத்தானே அரித்துவிடும் என்பதை 1896இல் கியாரி எடுத்துரைத்தார். கானின் வாயிலில் சிக்கும் பித்தக்கல்லும் இந்நோய்க்கு ஏதுவாகலாம் என்பதை 1901இல் ஓப்பி பிரேத பரிசோதனையின் வாயிலாகக் காட்டினார்.

இந்நோயை 1889இல் முறைப்பட விவரித்தவர் பொஸ்டன் நகரத்து நோயியலறிஞர் றெஜினால்ட் பிட்ஸ் ஆவார். குடல்வால் அழற்சியிற் காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை செய்யுமாறு 1886இல் வற்புறுத்திய அவரே, சதையி அழற்சியில் அவசர சத்திரசிகிச்சை ஆபத்தானது என எச்சரித்தார். எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கத்தியே மேலோங்கியது. அக்காலத்தில் வயிற்றைத் திறந்தாலன்றி நோயை உறுதிப்படுத்துதல் அரிது; ஆதலின் தானே தணியும் இலேசான அழற்சிகள் அறியப்படாமலே போயின. 1929இல் எல்மனும் அவர்தம் சகாக்களும் குருதியிலுள்ள அமிலேசின் அளவைக் கொண்டு நோயை அறியலாமெனக் காட்டியபின் இந்நிலை மாறிற்று. சத்திரசிகிச்சையின்றியே பலர் குணமடைவது தெளிவாயிற்று.

ஆயின் சதையியின் இழையம் இறந்து கிருமித்தொற்றுக்குள்ளாகும் கடுமையான நோயாளரை என் செய்வது? 1960களிலும் 1970களிலும் சதையியின் பெரும்பகுதியை அகற்றும் முயற்சிகள் மீண்டும் தலையெடுத்தன, உயிரிழப்போ மிகுதியாயிருந்தது. 1974இல் நியூயோர்க் நகரத்து ரான்சன், நோயின் கடுமையை மதிப்பிடப் பதினொரு குறிகளை வகுத்தார். கடுமையை அளக்க இயலாதவிடத்து ஒரு சிகிச்சையை மற்றொன்றோடு ஒப்பிடவும் இயலாதன்றோ? 1992இல் அட்லான்டாவில் வகுக்கப்பட்ட பொதுப் பாகுபாடும் இத்தேவையினின்று எழுந்ததே.

2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, தொற்றுற்ற அல்லது தொற்று ஐயுறப்பட்ட 88 நோயாளரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு வயிற்றைத் திறந்து இறந்த இழையம் அகற்றப்பட்டது. மற்றையோருக்கு முதலிற் குழாய்வழி சீழ் வடிக்கப்பட்டு, தேவைப்படின் மாத்திரம் சிறு துளை வழியே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. பெருஞ் சிக்கல்களோ மரணமோ முற்பிரிவில் 69 வீதம். பிற்பிரிவில் 40 வீதம். பிற்பிரிவினருள் 35 வீதத்தினர்க்குக் குழாயே போதுமாயிற்று. மரண விகிதத்தை மட்டும் நோக்கின் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்நாட்டின் 2021ஆம் ஆண்டு ஆய்வில், குழாயிடுதலையும் பிற்போட்ட நோயாளருள் 39 வீதத்தினர் நுண்ணுயிரெதிரி மருந்துகளோடு, வேறு தலையீடின்றியே தேறினர்.

பிட்ஸின் எச்சரிக்கை ஓர் அறிஞரின் மதிநுட்பம். இன்றைய காத்திருப்பு அளந்தறிந்த முடிபு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நூற்றிருபதிற்கும் மேற்பட்ட ஆண்டுகள் அளவைகளைத் தேடிய ஆண்டுகளாகும். அழற்சியையே தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கிட்டவில்லை. எனவே காத்திருத்தல் என்பது கைவிடுதலன்று. இடையறாத கண்காணிப்போடு, தலையிடுதற்குரிய வேளையை அறிந்து தலையிடுதலேயாம்.