வாட் கணக்கில் ஒரு குதிரைக்கு டார்க் எவ்வளவு?

பைக் விளம்பரத்துல ரெண்டு எண் போடுவாங்க: குதிரைத்திறன், டார்க். வித்தியாசம் கேட்டால் எல்லாரும் சூத்திரத்தில் தொடங்குவார்கள். நான் ஒரு பில்லில் இருந்து தொடங்குகிறேன்.

போல்டனும் ஜேம்ஸ் வாட்டும் கார்ன்வால் சுரங்கங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் நீராவி இயந்திரம் கொடுத்தபோது கட்டணம் சுலபம். பழைய நியூகோமன் இயந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதில் மூன்றில் ஒரு பங்கு. 1780களில் சக்கரம் சுற்றும் இயந்திரம் வந்ததும் சிக்கல். லண்டன் விட்பிரெட் பீர் ஆலை 1785-ல் ஒன்றை வாங்கியது. அதுவரை அங்கே அரவைக்கு இருந்தது குதிரைகள். நிலக்கரி மிச்சம்னு எதைக் காட்டி காசு கேட்பது? அதனால் குதிரைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம்.

அப்போ ஒரு குதிரை என்பது எவ்வளவு? செக்கு மாடு மாதிரி சுற்றும் ஆலைக் குதிரையை வாட் எடுத்துக்கொண்டார். 12 அடி ஆரம், மணிக்கு 144 சுற்று, இழுவை 180 பவுண்டு. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 என்று வைத்துவிட்டார். ஜான் ஸ்மீட்டன் போட்ட கணக்கு 22,916தான். நாள் முழுக்க 33,000-ல் உழைக்கும் குதிரை அபூர்வம். இது வியாபார புத்தி என்பது என் கணிப்பு. பத்துக் குதிரை இயந்திரம் வாங்கினவர் 'வேலை குறையுது'ன்னு சண்டைக்கு வர முடியாதே!

டார்க் என்ற சொல் அச்சுக்கு வந்தது 1884 வாக்கில். ஆனால் விஷயம் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கு. 180 பவுண்டு இழுவை, 12 அடி கை: 2,160 பவுண்டு-அடி முறுக்குவிசை. நம்ம அளவில் சுமார் 2,900 நியூட்டன் மீட்டர். எட்டுக் குதிரைத்திறன் கொண்ட 100 சிசி பைக்கின் டார்க்கோ சுமார் 8 நியூட்டன் மீட்டர்! ஒத்தைக் குதிரை அதை முந்நூறு மடங்குக்கு மேல் மிஞ்சுது. ஆனா குதிரை நிமிடத்துக்கு 2.4 தடவைதான் சுற்றும், பைக் எஞ்சின் எட்டாயிரம் தடவை சுற்றும். முறுக்கைச் சுற்று வேகத்தால் பெருக்கினால்தான் திறன். முதல் கியர் செய்வதும் இந்தப் பண்டமாற்றுதான்: வேகத்தைக் கொடுத்து முறுக்கை வாங்குகிறது. திறன் அதனால் கூடாது, உராய்வில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

வாட்டின் 33,000-ஐ இரண்டு பையால் வகுத்தால் 5,252 வரும். பவுண்டு-அடியும் குதிரைத்திறனும் ஒரே அளவுகோலில் வரைந்த எந்த எஞ்சின் வரைபடத்திலும் ரெண்டு கோடும் வெட்டிக்கொள்வது 5,252 ஆர்பிஎம்மில்தான்.