சிஸ்பிளாட்டினும் குளிர் பிளாஸ்மாவும்

சிஸ்பிளாட்டின், குளிர் பிளாஸ்மா இரண்டுக்கும் மின்சாரத்தோடு உறவு உண்டு. மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் சோதித்தபோது, பாக்டீரியா பிளவுபடாமல் நூலாக நீண்டது. அதற்குக் காரணம் மின்சாரம் அல்ல. பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்து உருவான சேர்மம். இந்தக் கண்டுபிடிப்பு 1965இல் வெளியானது. அந்த வழியில் வந்த சிஸ்பிளாட்டின், இன்று தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு தரும் முதன்மையான கீமோ மருந்து.

குளிர் பிளாஸ்மா என்பது உயர் மின்னழுத்தத்தால் அயனியாக்கப்பட்ட ஆர்கான், ஹீலியம் போன்ற வாயு. எலக்ட்ரான்களின் ஆற்றல் மிகுதி என்றாலும் வாயு உடல் சூட்டை ஒட்டியே இருப்பதால் திசு வேகாது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில், நோய் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் கிருமி தொற்றிய கட்டிப்புண்கள்மீது இதைப் பாய்ச்சினார்கள். நாற்றமும் வலியும் குறைந்தன. சிலருக்குக் கட்டியும் ஓரளவு சுருங்கியது. வாய்ப்புண்ணின் நாற்றத்தால் வீட்டாரிடமிருந்தே ஒதுங்கும் நோயாளிகளுக்கு இது சிறிய பலன் அல்ல.

செல்லை இரண்டும் தாக்கும் வழி வேறு. சிஸ்பிளாட்டின் டி.என்.ஏ.வில் ஒட்டி, அதன் பகுதிகளைப் பிணைத்து, செல் பெருகுவதைத் தடுக்கிறது. பிளாஸ்மா, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு மூலக்கூறுகளைச் செல்மேல் பொழிகிறது. இரண்டும் சந்திக்கும் இடம், செல்லின் காப்பு மூலக்கூறான குளுட்டாதயோன். சிஸ்பிளாட்டினைப் பிடித்து முடக்குவதும் பெராக்சைடைத் தணிப்பதும் அதுதான். பிளாஸ்மா அந்தக் கையிருப்பைக் கரைத்துவிட்டால், பின்வரும் மருந்து கூடுதலாக டி.என்.ஏ.வை எட்டும். தனித்தனியே தருவதைவிடச் சேர்த்துத் தரும்போது புற்றுச்செல்கள் அதிகம் மடிவதை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன.

ஆனால் தட்டில் வளரும் செல் வேறு, நாக்கில் வளரும் கட்டி வேறு. தட்டில் இருப்பது மெல்லிய ஒற்றை அடுக்கு; வளர்ப்பு ஊடகத்தில் பைருவேட் என்ற சேர்மம் இருந்தாலே பெராக்சைடு தணிந்து, முடிவு மாறிவிடும். பிளாஸ்மாவின் அளவு குறைந்தால் செல் தன் தற்காப்பை முடுக்கிக்கொள்ளவும் கூடும். எதை முதலில் தருவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதும் இதனாலேயே முக்கியமாகிறது.

எட்டும் தூரத்தில்தான் பெரிய வேறுபாடு. ரத்தத்தில் ஓடும் சிஸ்பிளாட்டின் கட்டியை மட்டுமல்ல, சிறுநீரகத்தையும் உட்செவியையும் தாக்கும். பிளாஸ்மா பட்ட இடத்தோடு, அதுவும் மேலோட்டமாக, நின்றுவிடும். கழுத்தின் நிணநீர்க் கட்டியை அது எட்டாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினை, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு வாரந்தோறும் 30 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. எனத் தரும் இரு முறைகளை ஒப்பிட்டார்கள். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அறுவை முடிந்தவர்கள். பெரிய அளவு, நோய் அதே பகுதியில் திரும்புவதை நன்றாகத் தடுத்தது; கடும் பக்கவிளைவும் அதில்தான் கூடுதல். ஆக, மருந்தைக் குறைத்தால் இழப்பது, நோயை அதே பகுதியில் கட்டுப்படுத்தும் திறனை. பிளாஸ்மா வேலை செய்வதும் பட்ட இடத்தில்தான்.

எனவே பிளாஸ்மா சிஸ்பிளாட்டினுக்கு மாற்று அல்ல. கட்டியை அகற்றிய அறுவைப் பரப்பில் பிளாஸ்மாவும், அதன்பின் குறைந்த அளவு சிஸ்பிளாட்டினும் தந்தால் 100 மி.கி.க்கு ஈடாகுமா என்பதை நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்க வேண்டும். வாய்ப்புற்று மலிந்த இந்தியாவில் அந்தச் சோதனை நடப்பதே பொருத்தம்.